பன்னிரண்டு வீட்டு நாற்காலிகள்

சூசைபுரத்துக்கு நான் முதல் தடவை போனது 1997-இல். கையில் இரண்டு ஹாரன், ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக், ஒரு பெட்டி ஸ்பீக்கர், நூறடி ஒயர். கூடலூரில் அப்போதுதான் என் மகள் பெயரில் 'கயல் சவுண்ட் சர்வீஸ்' என்று ஒரு சின்னக் கடை போட்டிருந்தேன். கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் போகிற சாலையில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒரு மண்பாதை பிரியும். அதில் ஒரு மைல் போனால் நாற்பது வீடு, ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம், தகரக்கூரை போட்ட சூசையப்பர் கோயில். ஊர் அவ்வளவுதான்.

எங்கள் குடும்பம் சுருளிமலை முருகனுக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பம். என் பெயரே சுருளிவேல். கிறிஸ்தவக் கோயிலுக்குள் என்ன நடக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மைக்செட் கட்டுகிறவனுக்கு எந்தக் கோயிலும் முதலில் ஒரு சத்தப் பிரச்சினைதான். எங்கள் அம்மன் கோயில் திறந்த வெளி. அங்கே சத்தம் காற்றோடு போய்விடும், அதைப் பிடித்துத் திருப்புவதுதான் வேலை. சூசைபுரம் கோயில் ஒரு மூடிய டப்பா. நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், மேலே தகரம். மைக்கில் போனது ஸ்பீக்கரில் வரும். வந்தது சுவரில் முட்டித் திரும்ப மைக்குக்குள் போகும். அது பெரிதாகி மறுபடி ஸ்பீக்கரில் வரும். இப்படி இரண்டு சுற்று போனால் போதும், மைக் 'கூ'வென்று கூவத் தொடங்கிவிடும். அதனால் ஸ்பீக்கரின் முகத்துக்கு நேராக மைக்கை ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கோயில் வயரிங் பழசு, எர்த் கிடையாது. என் ஆம்ப்ளிஃபயரின் தகர உடம்பில் எப்போதும் லேசாகக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த காலோடு மரப்பலகை மேல் நின்று தொட்டால் ஒன்றும் தெரியாது. ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நின்று தொட்டால் முழங்கை வரைக்கும் சுண்டி இழுக்கும். செருப்பைக் கோயிலுக்கு வெளியே விட வேண்டும் என்பதால், ஒவ்வொரு தடவையும் ஒரு பலகைத் துண்டையும் என்னோடு எடுத்துப் போவேன். இந்த இரண்டு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது புரியும்.

என்னை அங்கே அழைப்பது உபதேசியார் ஏசுதாசன். பங்குச்சாமியார் இருப்பது டவுனில், தாய்ப்பங்கில். சூசைபுரம் அதன் கிளை. சாமியார் மாதம் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாவு வீட்டுக்குச் சிலுவை தூக்கிப் போவது, கோயில் பல்பு மாற்றுவது எல்லாம் உபதேசியார்தான். பகலில் அவருக்கு டெய்லர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பாபினும் ஒரு ஜெபமாலையும் கிடக்கும். எதற்கோ கையை விட்டால் இரண்டும் நூலால் பின்னிக்கொண்டு சேர்ந்தே வெளியே வரும்.

சூசைபுரத்துக்கு வருடத்தில் ஒரு பெருமை உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் பூசை அவர்கள் ஊரிலேயே நடக்கும். இயேசு சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தம் சீடர் பன்னிரண்டு பேருக்கும் காலைக் கழுவிவிட்டாராம். அதை நினைத்து, அன்றைக்குச் சாமியார் குனிந்து பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவுவார். முதல் வருடம் ஜன்னல் ஓரம் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தபோது எனக்கு வேலையே மறந்துபோனது. எங்கள் ஊரில் காலில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒருவர் குனிந்து மற்றவர் காலைத் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி, முத்தம் கொடுப்பதை அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்தப் பூசையில் இன்னொரு ஏற்பாடும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொடக்கத்தில் 'உன்னதங்களிலே' என்ற பாட்டுக்குக் கோயில் மணி, கைமணி எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டுவார்கள். தகரக்கூரையே அதிரும். பாட்டு முடிந்ததும் மணிகளெல்லாம் வாயை மூடிவிடும். சனிக்கிழமை ராத்திரிவரை ஒரு மணியும் அடிக்கக் கூடாது. மணிக்குப் பதில் ஒரு மரக்கட்டை. கைப்பிடி வைத்த பலகை, அதன் நடுவில் கீல் போட்டு ஒரு சுத்தியல். கைப்பிடியை ஆட்டினால் சுத்தியல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்து 'டக் டக்' என்று தட்டும். கரண்டு இல்லை, ஹாரன் இல்லை, ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சத்தம் கடைசி வீடு வரைக்கும் போகும். என் தொழிலுக்கே கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு பேர் உட்கார நான் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்குத் தருகிறேன் என்றேன். உபதேசியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"இங்கன அப்படி வழக்கமில்ல சுருளி. எந்த ஆளு உக்காருறானோ அவன் வீட்டு நாக்காலிதான் வரணும்."

அப்படித்தான் வரும். வியாழன் மத்தியானமே வீட்டுப் பெண்கள் நாற்காலியைத் தேய்த்துக் கழுவித் தலையில் சுமந்து கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வரிசையாகப் போடுவார்கள். தேக்கு, இரும்பு, ஒரு கால் கட்டையானது, நீல ஒயர் பின்னியது என்று பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். எந்த நாற்காலி யார் வீட்டுடையது என்று ஊருக்கே தெரியும். பூசை முடிந்ததும் திரும்ப வீட்டுக்குப் போகும். அன்று முழுவதும் அந்த நாற்காலியில் வீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

நான் போகத் தொடங்கிய காலத்தில் பன்னிரண்டு ஆள் கிடைப்பது சிரமமாக இல்லை. பிறகு ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனார்கள். விடிவதற்குமுன் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகப் போகும். இருட்டுகிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். பூசையோ சாயங்காலம் ஆறு மணிக்கு. பெரிய வியாழனுக்கு மட்டும் கங்காணியிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கி வருவார்கள். லீவு கிடைக்காத வருடம் நாற்காலி வந்துவிடும், ஆள் வர மாட்டார். அப்போது உபதேசியார் ஒரு காரியம் செய்தார். டீக்கடை அழகுமலையையும் பால் எடுக்க வருகிற ராக்கையாவையும் நெற்றியைத் துடைத்து உட்கார வைத்துவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் எங்களைப்போல முருகனைக் கும்பிடுகிறவர்கள். பழைய சாமியாருக்குக் கண் மங்கல். அவர் காலைத்தான் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

நான் சொல்லப்போவது 2001-இல் நடந்தது. அந்த வருடம் பழைய சாமியார் மாற்றலாகிப் போய், விஜய்ராஜ் சாமி வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். மோட்டார் பைக்கில் வருவார், கண்ணும் நல்ல கண். பெரிய வியாழனுக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று பூசை முடிந்ததும் அவர் ஓர் அறிவிப்புச் சொன்னதாக உபதேசியார் என் கடைக்கு வந்து சொன்னார்.

"முன்ன தாய்ப்பங்குல ரெண்டு சாமியாருக இருந்தாக. இப்ப ஒத்த ஆளு. இங்கன ஆறு மணிக்குப் பூசை வச்சிட்டு, எட்டு மணிக்கு டவுன்ல வைக்கணும். 'ஒங்க ஊர்ல ஆளே இல்லன்னு சொல்றாக, இந்த வருசம் பாத்துட்டு, அடுத்த வருசத்துல இருந்து எல்லாரும் டவுனுக்கே வந்துருங்க'ன்னுட்டாரு."

"அதுக்கென்ன உபதேசியாரே, ஒருநாள் டவுனுக்குப் போறது பெரிய காரியமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எட்டு மணிக்கு மேல எங்களுக்கு ஏதுடா பஸ்ஸு? கெழடுக எப்படிப் போகும்? இன்னைக்கு வியாழனைக் குடுத்தா, நாளைக்கு மாசப் பூசையும் போகும். அப்புறம் கோயிலைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய் டவுன்ல குடுத்துட்டு வர வேண்டியதுதான். வியாழக்கிழமை பன்னெண்டு நாக்காலியும் நெறஞ்சிருக்கணும் சுருளி. ஒண்ணு காலியாக் கெடந்தாலும் போச்சு."

வியாழன் மூன்று மணிக்கே போய்விட்டேன். வேப்பமரத்தில் ஏறி இரண்டு ஹாரனையும் கட்டினேன், ஒன்று தெருவைப் பார்த்து, ஒன்று டீக்கடையைப் பார்த்து. கோயிலுக்குள் வந்தபோது பன்னிரண்டு நாற்காலியும் வந்திருந்தன. ஊரில் இருந்த ஒன்பது ஆண்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சுவரோரம் நின்றார்கள். ஒவ்வொருவர் காலையும் பார்த்தேன். படிக்கல்லில் உரசி, தேங்காய் நாரால் தேய்த்து, எண்ணெய் தடவி, சும்மா பளபளவென்று இருந்தது. சாமியார் கழுவப் போகிற காலை அழுக்காகக் காட்டலாமா என்று அவர்களுக்கு வெட்கம்.

மூன்று பேர் குறைந்தது. பொன்னுராஜும் அவன் தம்பிகள் இரண்டு பேரும். அந்த வருடம் கங்காணி அரை நாள் லீவு தரவில்லை. 'அஞ்சு மணிக்கு வேலைய விட்டதும் ஓடியாந்து, கால் கழுவுறதுக்குள்ள சேந்துருவோம்' என்று சொல்லிப் போயிருந்தார்கள். பொன்னுராஜின் மனைவி சந்தனமேரி நீல ஒயர் நாற்காலியைக் கொண்டுவந்து கடைசியில் போட்டுவிட்டு, பாட்டுக் குழுவில் மைக் பக்கம் போய் நின்றாள். மலைமேல் கருமேகம் இறங்கி, மின்னல் வெட்டியது. கோடை மழை.

"வந்துருவாகளா ஆத்தா?" என்றார் உபதேசியார்.

"நாக்காலி வந்துருச்சுல்ல, ஆளு வந்துருவாக" என்றாள் அவள். ஆனால் அவள் கண் வாசலிலேயே இருந்தது.

ஐந்தே முக்காலுக்குச் சாமியார் பைக் சத்தம் கேட்டது. உபதேசியார் டீக்கடைக்கு ஓடினார். அழகுமலையும் ராக்கையாவும் ஈர முகத்தோடு உள்ளே வந்து, பழகிய ஆட்கள்போல இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நீல ஒயர் நாற்காலி மட்டும் காலி. உபதேசியார் என்னிடம் வந்தார்.

"சுருளி, ஒரு ஒத்தாச பண்ணு."

"சொல்லுங்க."

"ஒன் காலைக் கொஞ்சம் குடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உபதேசியாரே, ஆம்ப்ளிஃபயரை யாரு பாக்குறது? அதோட நான் ஒங்க ஆளே இல்லையே!"

"பேதுரு மட்டும் ஞானஸ்நானம் வாங்கிட்டா வந்து உக்காந்தாரு? பேசாம உக்காருடா."

"கால்ல மரத்துப் பிசினு, மண்ணு, இன்சுலேசன் டேப்பு பசை எல்லாம் இருக்கு..."

"சாமியாரு கழுவுவாருல்ல!"

அதற்குமேல் பேச நேரமில்லை. பூசை தொடங்கிவிட்டது. மணியெல்லாம் அடித்து ஓய்ந்தது. வாசகம், பிரசங்கம் வரைக்கும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே நின்றேன். கால் கழுவுகிற நேரம் வந்தபோது உபதேசியார் கண்ணைக் காட்டினார். நான் போய் நீல ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஒயர் நடுவில் லேசாகத் தொய்ந்து, பொன்னுராஜின் உடம்புக்கு ஏற்ற பள்ளமாக இருந்தது. அடுத்தவர் செருப்பைப் போட்டதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது.

சாமியார் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். உபதேசியார் பித்தளைக் குடத்தைச் சாய்க்க, தாம்பாளத்தில் தண்ணீர் விழுந்தது. சந்தனமேரியும் இரண்டு பெண்களும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டே இருந்தார். பத்தாவது அழகுமலை, பதினொன்றாவது ராக்கையா. அதுவரை தாம்பாளத்துத் தண்ணீரில் ஒரு தூசிகூட இல்லை. என் வலது காலை வைத்ததும் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது.

சாமியார் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் என் குதிகாலில் ஒட்டியிருந்த டேப் பசையைச் சுரண்டினார். அது என்ன செய்தாலும் போகாத பசை. மண்ணெண்ணெய் வேண்டும். அவர் விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மைக் கூவியது.

என்ன நடந்ததென்றால், சந்தனமேரி வாசலைப் பார்த்துக்கொண்டே பாடியதில், மைக் ஸ்டாண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பெட்டி ஸ்பீக்கருக்கு நேராகக் கொண்டுபோய்விட்டாள். தகரக்கூரை முழுவதும் 'கூ'வென்று அலறியது. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். அவள் பதறி ஸ்டாண்டைப் பிடித்து இந்தப் பக்கம், என் நாற்காலிக்கு அருகே, இழுத்துவிட்டாள். அலறல் நின்றது. பாட்டும் நின்றது. கோயிலே அமைதி.

என் மனதில் ஆம்ப்ளிஃபயர்தான் இருந்தது. ஓடிப்போய் சத்தத்தைக் குறைக்காவிட்டால் மறுபடி கூவும். ஆனால் கால் நனைந்திருக்கிறது. தரை சிமெண்ட், ஈரக் காலோடு ஏறினால் பலகையும் நனைந்துவிடும். எழுந்து ஓடினால் முழங்கை வரை இழுக்கும். அதனால் குனிந்து, மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னேன்.

"சாமி, வெரலுக்கு நடுவுல நல்லாத் தொடச்சிவிடுங்க. ஈரம் இருந்துச்சுன்னா ஆம்ப்ளிஃபயர் ஷாக் அடிக்கும்."

மைக் என் வாய்க்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. நான் சொன்னது இரண்டு ஹாரனிலும், கோயில், தெரு, டீக்கடை, திராட்சைத் தோட்டம் எங்கும் தெளிவாகப் போனது. அவ்வளவு நல்ல சத்தம் அந்தச் செட்டில் அதுவரை வந்ததே இல்லை.

ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. உபதேசியார் மட்டும் குடத்தைப் பிடித்தபடி முகம் வெளுத்து நின்றார். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. ஆனால் துண்டை எடுத்து, ஒவ்வொரு விரல் இடுக்காக, நாலு இடுக்கும் காயும் வரை துடைத்தார். பிறகு முத்தம் கொடுத்து, "போங்க, இனி அடிக்காது" என்றார். அதுவும் மைக்கில் கேட்டது.

மீதிப் பூசை ஒழுங்காக நடந்தது. கடைசியில் பீடத்துத் துணிகளையெல்லாம் உருவி வெறுமையாக்கினார்கள். ஏழேகால். பெண்கள் நாற்காலிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நான் மரத்திலிருந்து ஹாரனை இறக்கி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சாமியார் பைக்கில் பையைக் கட்டினார். உபதேசியார் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏசுதாசன், மைக்செட்டுக்காரரு எந்த அன்பியம்?" என்று சாமியாரே கேட்டார். அன்பியம் என்றால் பத்திருபது வீடு சேர்ந்து ஜெபம் சொல்கிற குழு.

"சாமி..."

"டீக்கடைக்காரரு நெத்தியில திருநீறு அழிச்ச தடம் அப்படியே இருந்துச்சு. பால்காரரு நான் முத்தம் குடுத்ததும் 'முருகா'ன்னாரு."

உபதேசியார் உடைந்துபோனார். ஆள் குறைந்தது, நாற்காலி காலியாகக் கிடந்தால் பூசை போய்விடும் என்று பயந்தது, மூன்று வருடமாக ஆள் மாற்றி உட்கார வைத்தது எல்லாவற்றையும் ஒப்பித்தார். "தப்புதான் சாமி. ஆனா பன்னெண்டு இல்லைன்னா இந்தப் பூசை செல்லாதுல்ல?"

"யாரு சொன்னா?"

"இதைப் போயி யாரு சொல்லணும்? எப்பவும் பன்னெண்டுதான."

சாமியார் கட்டிய பையை அவிழ்த்துச் சிவப்பு அட்டை போட்ட பூசைப் புத்தகத்தை எடுத்து, கோயில் வாசல் டியூப் லைட்டுக்கு நேராகப் பிரித்து விரலை வைத்துக் காட்டினார். "படிங்க. 'தேர்ந்துகொள்ளப்பட்ட ஆண்கள்'னு இருக்கு. எத்தனைன்னு இருக்கா?"

உபதேசியார் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். நானும் ஒயரோடு போய் எட்டிப் பார்த்தேன். எண்ணே இல்லை. ஆட்களைத் தேடி ஓடியது, நெற்றி துடைத்தது, என் கால், எல்லாம் புத்தகத்தில் இல்லாத ஓர் எண்ணுக்காக.

"ஒன்பது பேரு இருந்தா ஒன்பது கால் கழுவிட்டுப் போறேன்" என்றார் சாமியார்.

உபதேசியார் முகம் தெளியவில்லை. "ஒன்பதுதான் இருக்காகன்னா... அடுத்த வருசம் டவுனுக்கு வந்துர வேண்டியதுதான, சாமி?"

சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டவுனில் அவருக்காகக் கூட்டம் காத்திருக்கும். பைக்கை உதைத்தார்.

அப்போதுதான் மண்பாதையில் மூன்று பேர் ஓடிவந்தார்கள். பொன்னுராஜும் தம்பிகளும். குமுளி மலைப்பாதையில் மழைக்கு மரம் விழுந்து, ஜீப் நின்றுவிட்டது. இறங்கி லோயர் கேம்ப் வரைக்கும் மலைப்பாதையிலேயே ஓடி, அங்கிருந்து மண்லாரியில் தொற்றி வந்திருக்கிறார்கள். தலை முதல் கால் வரை நனைந்து, முழங்கால் வரைக்கும் சேறு. ஏலச்செடியின் பச்சை வாசம் அவர்கள் மேலிருந்து வீசியது.

"முடிஞ்சிருச்சா?" என்றான் பொன்னுராஜ்.

அவன் மனைவி நீல ஒயர் நாற்காலியைத் தலையில் வைத்தபடி தெருவில் நின்றிருந்தாள். அவன் அதைப் பார்த்தான். "மூணு மைலு ஓடியாந்தோம் சாமி" என்று மட்டும் சொன்னான். குறை சொல்கிற குரல் இல்லை, தூரத்தைச் சொல்கிற குரல்தான்.

சாமியார் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கை நிறுத்தினார்.

"ஏசுதாசன், தாம்பாளத்தை எடுங்க. இன்னைக்கு நான் கழுவுனது எல்லாம் வீட்டுலயே கழுவிட்டு வந்த காலு. மைக்செட்டுக்காரரு ஒருத்தருதான் கொஞ்சம் வேலை குடுத்தாரு."

"பூசை முடிஞ்சிருச்சே சாமி."

"கால் கழுவுறதுக்குப் பூசை எதுக்கு? தண்ணி போதும். ஆளுகளைக் கூப்பிடுங்க."

மைக்கை நான் கழற்றிவிட்டேன். மணி அடிக்கக் கூடாது. உபதேசியார் உள்ளே போய் மரக்கட்டையை எடுத்து வந்தார். அதை ஆட்டிக்கொண்டு தெருவில் ஓடினார். டக் டக், டக் டக். அறுபது வயதுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு வாசலாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போன நாற்காலிகள் திரும்ப வந்தன. மூன்று மட்டும் போதும் என்று சொல்லியும் கேட்காமல் பன்னிரண்டும் வந்தன.

வேப்பமரத்தடிக் குழாய்ப் பக்கம் மூன்று பேரையும் உட்கார வைத்தார்கள். சாமியார் அங்கியின் கையை மடித்துவிட்டு, மண்ணில் முழங்கால் போட்டார். சேறு போக மூன்று குடம் தண்ணீர் ஆனது. பொன்னுராஜின் கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. சாமியார் அதைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஜீப்பு தினமும் எத்தனை மணிக்கு வரும்?" என்று அப்படியே குனிந்தபடி கேட்டார்.

"ஆறரை, ஏழு ஆகும் சாமி."

"அப்புறம் ஏன் ஆறு மணிக்குப் பூசை வச்சிருக்கீக?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்னால் அந்த நிமிடத்தை மறக்கவே முடியாது. ஆண்கள் இங்கேயே நெல் வயலில் வேலை செய்த காலத்தில் யாரோ வைத்த நேரம் அது. வேலை மலைக்கு அந்தப் பக்கம் போனது, நேரம் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. மூன்று வருடமாக ஆளை மாற்ற யோசித்தவர்கள், மணியை மாற்ற யோசிக்கவில்லை. சாமியாரிடம் போய் நேரத்தை மாற்றுங்கள் என்று சொல்லலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

"டவுன்ல எல்லாரும் கடை வச்சிருக்கிறவக, ஆபீசு போறவக. அஞ்சரைக்கு வச்சா வந்துருவாக" என்றார் சாமியார், துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டே. "அடுத்த வருசம் அங்க முதல்ல. முடிச்சிட்டு ஏழரைக்கு இங்க வர்றேன். ஜீப்பு வந்து, குளிச்சு... இல்ல, குளிக்காம வாங்க."

உபதேசியார் மரக்கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அது மெதுவாக 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டியது.

அன்றைக்கு டவுன் பூசை அரை மணி தாமதம்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு வருடமும் ஏழரை மணிதான். விஜய்ராஜ் சாமி மாற்றலாகிப் போனார், அடுத்து இரண்டு பேர் வந்தார்கள், நேரம் மாறவில்லை. மைக்செட்டை நானே கட்டினேன். ஒரு தடித்த எர்த் கம்பியும் இறக்கிக் கொடுத்தேன், குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு. இருந்தும் சூசைபுரத்தில் யார் என்னைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "என்னண்ணே, கால் காஞ்சிருச்சா?" என்றுதான். டீக்கடையில் அழகுமலை டீயை நீட்டும்போதே அதைக் கேட்பான்.

இந்த வருடம், 2010-இல், கடையை மருமகனிடம் விட்டுவிட்டு நான் சும்மா பார்க்கத்தான் போனேன். ஜீப் வந்து, ஆட்கள் காலில் மண்ணோடு நேராகக் கோயிலுக்குள் வந்தார்கள். உபதேசியாருக்கு வயதாகிவிட்டது, குடத்தைச் சாய்க்க இன்னொருவர் இருந்தார். உபதேசியார் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலிகள் வந்து வரிசையாகின. தேக்கு, இரும்பு, நீல ஒயர். அவருடைய உதடு லேசாக அசைந்தது. விரல் ஒவ்வொன்றாக மடங்கியது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"எண்ணலடா" என்றார். "சும்மா பாத்தேன்."

நானும் எண்ணியிருந்தேன். பதினொன்று. சாமியார் முதல் நாற்காலிக்கு முன்னால் குனிந்தார். தாம்பாளத்துத் தண்ணீர் செம்மண் நிறமானது.